காவல் காத்த நாயும் களவு போன நாயும்



சென்ற ஆண்டு கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த ஒரு தாளை நின்று படித்தேன். ‘நாயைக் காணவில்லை’ என்பது அதன் தலைப்பு. கீழே ஒரு நிழற்படம் இருந்தது. நிறம், வயது, காதில் உள்ள தழும்பு, அழைத்தால் திரும்பும் பெயர் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கண்டுபிடித்துத் தருவோர்க்குத் தக்க சன்மானம் அளிக்கப்படும் என்ற உறுதியும் இருந்தது. என் அருகே நின்ற கல்லூரி மாணவர் இருவர் அதைப் பார்த்துச் சிரித்தனர். “மனிதரைக் காணவில்லை என்றாலே தேடுவார் இல்லை, நாய்க்கு விளம்பரமா?” என்றார் ஒருவர். என்னால் சிரிக்க இயலவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

நாய்த் திருட்டு என்பது வரலாற்றுப் பேச்சுக்கு உரிய பொருளா என்று நீங்கள் கேட்கக்கூடும். அரசர் போர்களும் ஆட்சி மாற்றங்களும் மட்டுமே வரலாறு அல்ல. ஒரு குடியானவன் இரவில் எதற்கு அஞ்சினான், எதைக் காத்தான், காத்த பொருள் களவு போனபோது யாரிடம் முறையிட்டான் என்பனவும் வரலாறே. அந்த வரலாற்றில் நாய்க்கு மிகப் பழைய இடம் உண்டு. ஆனால் அது களவு போன பொருளாக அதில் முதலில் இடம்பெறவில்லை. கள்வனைப் பிடித்த காவலாகவே இடம்பெற்றது.

கல்வராயன் மலைக்கு வடக்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துத் தண்டராம்பட்டு வட்டத்தில் எடத்தனூர் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் நடுகல் ஒன்று முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பட்டது, அஃதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் அப்போது எழவில்லை. அக்கல்லில் பொறித்துள்ள செய்தி இதுதான்: வாணகோ அரசர் குடியைச் சார்ந்த தலைவர் ஒருவரிடம் பணிபுரிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரன், தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர் நீத்தான். அப்போது கோவிவன் என்னும் நாய் கள்வரைக் கடித்து, அவ்விடத்திலேயே காத்து நின்றது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

மாணவர்களே, இந்தச் சிறு கல்வெட்டைச் சற்று ஊன்றி நோக்குங்கள். அதில் அரசனின் பெயர் இருக்கிறது. மாண்ட வீரனின் பெயர் இருக்கிறது. நாயின் பெயரும் இருக்கிறது. கள்வனுக்கு மட்டும் பெயர் இல்லை. யாரை நினைவில் வைக்க வேண்டும், யாரை மறக்க வேண்டும் என்பதை அவ்வூரார் நன்கு அறிந்திருந்தனர். பதினான்கு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் கோவிவன் என்று நாம் அழைக்கிறோம். அதன் வாயில் அகப்பட்டவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

எருமைகளுக்காக ஒருவன் உயிர் விடுவதா என்று வியக்க வேண்டாம். கால்நடையே செல்வமாக இருந்த காலம் அது. மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் நம் மொழியில் உண்டு. பகைவர் ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும், கவர்ந்த நிரையை மீட்பதைக் கரந்தை என்றும் பெயரிட்டுத் திணையும் துறையும் வகுத்தது தமிழ் மரபு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழ்பிராமி எழுத்து நடுகற்களுள் ஒன்றும் ஆகோளைப் பற்றியே பேசுகிறது. செங்கம், தண்டராம்பட்டுப் பகுதியில் இத்தகைய கற்கள் மிகுதியாகக் கிடைத்தன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை அவற்றைத் தொகுத்து, ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை 1972ஆம் ஆண்டு வெளியிட்டது. அந்தத் தொகுதியைப் புரட்டினால், மன்னர் வரலாற்றில் இடம்பெறாத எத்தனையோ எளிய மனிதர், தம் தொறுவை மீட்கச் சென்று மாண்ட செய்தியைக் காணலாம். தொறு என்பது மந்தை. அந்த எளிய மனிதரின் வரிசையில் ஒரு நாயும் நிற்கிறது.

நாய்க்குக் கல் நட்ட செய்தி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அதற்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் திருநாவலூர் இருக்கிறது. சுந்தரர் பிறந்த ஊர் என்று அதை நீங்கள் அறிவீர்கள். முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன், வடபகையை எதிர்நோக்கி இந்தத் திருமுனைப்பாடி நாட்டில்தான் படையுடன் தங்கியிருந்தான். 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் அவன் யானைமீதே மாண்டான். அப்போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணையாக நின்றவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். பூதுகனின் வீரன் மணலேரன் என்பவன். அவன் தன் வீரத்துக்குப் பரிசாகக் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்த நாய் ஒரு காட்டுப் பன்றியுடன் பொருது, பன்றியும் தானுமாக மாண்டது. அதன் நினைவாகக் கன்னட நாட்டு ஆதகூரில் கல் நாட்டி, நிலமும் விட்டனர். ஒரு பேரரசின் போக்கை மாற்றிய போரைப் பற்றிச் சொல்லும் அந்தக் கல், ஒரு நாயின் சாவைச் சொல்வதற்காக எழுந்த கல்லே ஆகும்.

இனி நம் மலைக்கு வருவோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்கள் அதைச் சூழ்ந்துள்ளன. 2,000 அடிக்கும் 3,000 அடிக்கும் மேலாக உயர்ந்த மேட்டுநிலங்களும், அவற்றுக்கு இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் கொண்டது அம்மலை. கோமுகி ஆறு அங்கிருந்தே இறங்கி வருகிறது. மலையில் வாழும் மலையாளி மக்கள் சாமையும் தினையும் வரகும் விளைவித்தனர். விளைந்த கொல்லையைப் பன்றியிடமிருந்து காக்க இரவெல்லாம் பரண்மீது விழித்திருந்தனர். பரணில் மனிதன் கண்ணயர்ந்தாலும் கீழே நாய் கண்ணயர்வதில்லை. மலையடிவாரத்தில் ஆட்டுக்கிடை போடும் குடியானவனுக்கும் நாயே துணை. ஆதலால் இப்பகுதியில் நாயை இழப்பது என்பது ஓர் அழகுப் பொருளை இழப்பது அன்று. ஒரு காவலாளியை இழப்பது ஆகும்.

மலையும் காடும் அருகே உள்ள நாட்டில் கால்நடையை ஓட்டிச் செல்வது திருடனுக்கு எளிது. ஓர் இரவில் மறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டால், மறுநாள் வேறு ஊர், வேறு சந்தை. இதற்குத் தடையாக நம் முன்னோர் காவல் முறையை அமைத்தனர். சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரியே காணப்படுகிறது. பிற்காலத்தில் ஊர்தோறும் காவல்காரரும் தலையாரியும் இருந்தனர். விளைச்சலில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. அந்த முறையில் போற்றத்தக்க விதி ஒன்று இருந்தது. களவு போன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் இழப்பை ஈடு செய்ய வேண்டும். கூலி பெறுபவர் பொறுப்பையும் ஏற்பர் என்பதே அதன் அடிப்படை.

பாளையக்காரர் ஆட்சி வீழ்ந்து, கும்பெனி ஆட்சி வேரூன்றியபோது இந்த ஏற்பாடு சிதைந்தது. சென்னை மாகாணத்தில் 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறை விதி கிராமக் காவலை அரசின் கீழ்க் கொணர்ந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் மாவட்டப் போலீசுப் படை உருவாயிற்று. பழைய காவல் பொறுப்பு போயிற்று. புதிய காவல் நிலையமோ பல மைல் தொலைவில் இருந்தது. இந்த இடைவெளியில் வளர்ந்த ஒரு தொழிலே துப்புக்கூலி.

துப்புக்கூலி என்றால் என்ன? ஒருவருடைய உழவு மாடுகள் இரவில் மறைந்துவிடும். இரண்டு நாள் கழித்து ஓர் இடைத்தரகன் வருவான். அவன் திருடன் அல்லன். திருடனை அறிந்தவன் என்றும் ஒப்புக்கொள்ள மாட்டான். “மாடு இருக்குமிடம் ஒருவருக்குத் தெரியுமாம், இவ்வளவு கொடுத்தால் துப்புக் கிடைக்கும்” என்பான். மாட்டின் விலையில் ஒரு பங்கு பேசி முடிக்கப்படும். பணம் கைமாறிய பின், குறிப்பிட்ட ஓர் ஓடைக்கரையில் மாடுகள் கட்டப்பட்டிருக்கும். போலீசுக்குப் போனாலோ மாடு திரும்பாது. தொலைவிலுள்ள சந்தைக்கோ கசாப்புக்கோ போய்விடும். உழவுப் பருவத்தில் மாட்டை இழந்த குடியானவன் என்ன செய்வான்? கடன் வாங்கியேனும் கூலியைக் கொடுப்பான். கொடுத்ததை வெளியே சொல்ல மாட்டான். அவனுடைய மௌனமே திருடனுக்கு மறைவிடம் ஆயிற்று.

இவ்விடத்தில் மாணவர்களை எச்சரிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்கால ஆட்சியாளர் இத்தகைய களவுக்குச் சில சமூகங்களையே பொறுப்பாக்கினர். 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பினாலேயே மக்களைக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஆணும் பெண்ணும் கைரேகை வைத்து, இரவுதோறும் தம் இருப்பைக் காட்ட வேண்டிய இழிநிலை ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டும், நாடு முழுமையும் 1952ஆம் ஆண்டும் அச்சட்டம் நீக்கப்பட்டது. களவு ஒருவன் செய்யும் செயல். ஒரு குலத்தின் குணம் அன்று. பழைய ஆவணங்களைப் படிக்கும்போது இந்த உண்மையை மறக்கலாகாது. இன்றும் ஊரில் ஒரு நாய் களவு போனால், குற்றமற்ற நாடோடிகளை நோக்கிக் கை நீளுவதைக் காண்கிறோம். அது பழைய பிழையின் எச்சமே.

மாட்டுக்கு நடந்த இதே வாணிகம், கடல் கடந்த இலண்டன் மாநகரில் நாய்க்கு நடந்தது. அங்கு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செல்வர் வீட்டு நாய்களைக் கவர்ந்து, மீட்புப் பணம் பெறுவதையே பிழைப்பாகக் கொண்ட கூட்டங்கள் இருந்தன. அந்நாட்டுப் பழைய வழக்குச் சட்டம் அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. மாடும் குதிரையும் உடைமை. நாயோ பொழுதுபோக்குக்காக வளர்ப்பது. ஆகவே அதைக் கவர்வது பெருந்திருட்டு ஆகாது என்பது அச்சட்டத்தின் கருத்து. நாயைத் திருடுவதைவிட அதன் கழுத்துப்பட்டையைத் திருடுவது பெரிய குற்றமாக இருந்தது! 1844ஆம் ஆண்டு பாராளுமன்றக் குழு ஒன்று இதை ஆராய்ந்தது. மறு ஆண்டே நாய்த் திருட்டைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் பிறந்தது. திருடிய நாயை மீட்டுத் தருவதாகக் கூறிப் பணம் பெறுவதையும் அது தண்டித்தது.

சட்டம் வந்த உடனே திருட்டு நின்றுவிட்டதா? இல்லை. 1846ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், எலிசபெத் பாரெட் என்னும் ஆங்கிலப் பெண்பாற்புலவரின் பிளஷ் என்ற ஸ்பேனியல் நாயைத் திருடர் கவர்ந்தனர். அது முதன்முறையும் அன்று, மூன்றாம் முறை. அவருடைய தந்தையார் பணம் கொடுக்கலாகாது என்றார். அவர் மணக்கவிருந்த இராபர்ட் பிரௌனிங் என்ற புலவரும், திருடருக்குப் பணம் கொடுப்பது தீமைக்குத் துணைபோவதாகும் என்று கடிதத்தில் வாதிட்டார். நோயுற்று வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த அந்த அம்மையார், தாமே வண்டி ஏறித் திருடர் வாழும் பகுதிக்குச் சென்றார். முடிவில் ஆறு கினி கொடுத்து நாயை மீட்டார். இந்த வாதத்தில் யார் பக்கம் நீதி என்று பள்ளியில் நான் மாணவர்களைக் கேட்பதுண்டு. பாதிப் பேர் பிரௌனிங் பக்கமும், பாதிப் பேர் அம்மையார் பக்கமும் நிற்பர். நான் எப்போதும் பிரௌனிங் பக்கமே நின்றேன்.

நம் நாட்டில் சட்டம் வேறு வழியில் வந்தது. மெக்காலே தலைமையிலான குழு 1837ஆம் ஆண்டு வரைவு செய்து, 1860ஆம் ஆண்டு நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், நாயைத் திருட்டுக்கு உரிய பொருளாகத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. திருட்டு என்றால் என்ன என்று விளக்கும் 378ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவன் நாய்க்குப் பிடித்த தின்பண்டத்தைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான். அதன் மணத்துக்கு மயங்கி மற்றொருவருடைய நாய் அவன் பின்னே செல்கிறது. அவன் நாயைத் தொடவில்லை, கயிறு கட்டவில்லை, தூக்கவும் இல்லை. இது திருட்டாகுமா? நேர்மையற்ற எண்ணத்தோடு, உடையவர் இசைவின்றி அவன் அவ்வாறு செய்திருந்தால், நாய் அவனைப் பின்தொடரத் தொடங்கிய அந்தக் கணமே திருட்டு முற்றுப்பெற்றது என்கிறது சட்டம். நாயின் நம்பிக்கையையே கருவியாகக் கொண்டு செய்யும் களவை இதனினும் தெளிவாக விளக்க முடியாது.

அதே சட்டத்தின் 215ஆம் பிரிவு, துப்புக்கூலி வாங்குவோரைக் குறிவைத்தது போலவே அமைந்துள்ளது. களவு போன பொருளை மீட்க உதவுவதாகக் கூறிப் பணம் பெறுபவன், குற்றவாளியைப் பிடித்துத் தண்டனை பெற்றுத் தரத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்யாவிட்டால், அவனும் குற்றவாளியே. அவனுக்கு ஈராண்டு வரை சிறை உண்டு. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் அப்பழைய சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. சட்டைப்பைத் தின்பண்டமும் பின்தொடரும் நாயும் அங்கேயும் இடம்பெற்றுள்ளன. துப்புக்கூலிக்கு உரிய பிரிவு 252. இங்கிலாந்திலோ, வீட்டு நாயையும் பூனையையும் கவர்வது வெறும் பொருள் திருட்டு அன்று என்று கருதி, 2024ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்றினர். ஐந்தாண்டு வரை சிறை விதிக்க அது இடம் தருகிறது.

இப்போது, பேருந்து நிலையத்தில் என்னால் சிரிக்க இயலாத காரணத்தைக் கூறுகிறேன்.

நான் பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, பழைய மாணவர் ஒருவர் எனக்குச் சிப்பிப்பாறை இனத்துக் குட்டி ஒன்றைக் கொடுத்தார். மணி என்று பெயரிட்டேன். ஈராண்டில் அது உயர்ந்து, மெலிந்து, அம்பு போல ஓடும் நாயாக வளர்ந்தது. மலையடிவாரத்தில் உள்ள என் ஊரில் மாலைதோறும் அதனுடன் ஏரிக்கரையில் நடப்பது என் வழக்கம். நாட்டு நாய்களுக்கு இப்போது மதிப்பு ஏறியுள்ளது. ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு தபால் தலையே வெளியிட்டது. மதிப்பு ஏறும் பொருளைத் திருடனும் நோக்குவான் என்பதை நான் எண்ணவில்லை. ஒரு மார்கழி விடியலில் வாசற்படியில் மணி இல்லை. சங்கிலி இருந்தது, அறுபடவில்லை, கழற்றப்பட்டிருந்தது.

அந்த நான்கு நாட்களை என்னால் மறக்க இயலாது. நோயினால் நாய் இறந்தால் அழுது புதைத்துவிட்டு வரலாம். துயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. களவு போன நாய்க்கு அந்த எல்லை இல்லை. உண்டதோ, அடிபட்டதோ, நம்மை நினைத்து ஊளையிடுகிறதோ என்று மனம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இரவில் தெருவில் ஏதேனும் நாய் குரைத்தால் எழுந்து கதவைத் திறப்பேன். என் பேத்தி, சோற்றுத் தட்டை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அது வாசலிலேயே இருந்தது.

ஐந்தாம் நாள் ஒருவர் வந்தார். “ஐயா, கவலைப்படாதீர்கள். நாய் உயிரோடுதான் இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் இருந்தால் துப்புக் கிடைத்துவிடும். போலீசு என்று போனால் பிறகு நான் பொறுப்பல்ல” என்றார். துப்பு என்ற அந்தச் சொல் என் காதில் விழுந்தது. முப்பது ஆண்டு வகுப்பறையில் நான் விளக்கிய சொல் அது. கரும்பலகையில் எழுதிக் கோடிட்டுக் காட்டிய பிரிவின் எண்ணும் நினைவுக்கு வந்தது. ஆயினும் உள்ளே சென்று பணத்தை எடுத்து வந்து கொடுத்தேன். அன்றிரவே மணி வந்துவிட்டது. வீடே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் சென்றது. எங்கள் தெருவின் கோடியில் ஆடு மேய்த்துப் பிழைக்கும் ஒரு மூதாட்டி இருக்கிறார். அவருடைய கிடையைக் காத்த நாய் களவு போயிற்று. அதே மனிதர் அவரிடமும் சென்று, அதே தொகையைக் கேட்டார். மூதாட்டியிடம் பணம் இல்லை. நாய் திரும்பவில்லை. சில வாரங்களில் கிடையிலிருந்து இரண்டு ஆடுகளும் போயின. செய்தி அறிந்து நான் ஆறுதல் கூறச் சென்றேன். “வாத்தியாரய்யா, உங்களிடம் பணம் இருந்தது, உங்கள் நாய் வந்துவிட்டது. என்னிடம் என்ன இருக்கிறது?” என்றார் அவர். அவர் என்னைக் குறை கூறவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் மறைத்த செய்தி ஊருக்கே தெரிந்திருந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

நான் கொடுத்த இரண்டாயிரம், மணியை மீட்ட விலை மட்டும் அன்று. இந்தத் தெருவில் கேட்டால் கிடைக்கும் என்று திருடனுக்கு நான் எழுதிக்கொடுத்த உறுதிச்சீட்டும் ஆகும். என் நாயைக் காத்துக்கொண்டேன். அடுத்த வீட்டுக் காவலை விற்றுவிட்டேன். எலிசபெத் அம்மையாரின் வேதனை எத்தகையது என்பதையும், பிரௌனிங் சொன்னது ஏன் சரி என்பதையும் ஒரே மாதத்தில் கற்றேன். அவ்வளவு காலம் நான் நடத்திய பாடத்தை அப்போதுதான் நானே படித்தேன் எனலாம்.

அதன் பின் செய்ததை விரித்துக் கூற வேண்டியதில்லை. அந்த மூதாட்டியையும் அழைத்துக்கொண்டு, தெருவார் சிலருடன் காவல் நிலையம் சென்றேன். நான் பணம் கொடுத்ததையும் எழுதிக் கையொப்பமிட்டேன். எழுதும்போது கை கூசிற்று. ஊர்க்கூட்டத்திலும் அதையே சொன்னேன். இனி எவர் நாய் போனாலும் எவரும் தனியே பணம் கொடுப்பதில்லை, மறைப்பதில்லை, அனைவரும் சேர்ந்தே புகார் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஒரு குறிப்பேட்டில் ஊர் நாய்களின் பெயர், நிறம், அடையாளம், உடையவர் பெயர் ஆகியவற்றை மாணவர்கள் எழுதி வைத்தனர். அந்த இடைத்தரகர் பின்னர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. மூதாட்டியின் நாயும் வரவில்லை. என் மாணவர் ஒருவர் கொடுத்த வேறொரு குட்டி இப்போது அந்தக் கிடையைக் காக்கிறது.

வீட்டில் நாய் வளர்க்கும் மாணவர்களுக்குச் சில சொற்கள். உங்கள் நாயின் தெளிவான படங்களையும், தடுப்பூசி அட்டையையும், வாங்கிய சீட்டு இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். உரிமம் பெற வேண்டிய நகரங்களில் உரிமம் பெறுங்கள். அரிசி மணி அளவுள்ள சில்லு ஒன்றை நாயின் தோலுக்கடியில் வைக்கும் முறை இப்போது வந்துள்ளது. அதிலுள்ள 15 இலக்க எண்ணைக் கருவியால் படித்து உடையவரை அறியலாம். அது நாய் இருக்குமிடத்தைக் காட்டாது. ஆனால் நாய் யாருடையது என்ற வழக்கில் பொய் சொல்லாத சாட்சி ஆகும். அயலார் கையிலிருந்து உண்ணாதபடி நாயைப் பழக்குங்கள். உண்மையாகக் கண்டெடுத்துக் கொணர்பவர்க்கு நன்றியாகப் பரிசு கொடுப்பது தவறன்று. திருடனை மறைத்துக்கொண்டு நடுவில் நின்று கேட்பவனுக்குக் கொடுப்பதே தவறு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வீட்டு நாய் காணாமற் போனால், அது உங்கள் செய்தி அன்று என்று இருந்துவிடாதீர்கள்.

எடத்தனூர்க் கல்லை மீண்டும் எண்ணிப் பாருங்கள். கோவிவன் கள்வரைக் கடித்ததோடு நிற்கவில்லை, காத்தும் நின்றது. ஊராரும் அதைத் தனியே விட்டுவிடவில்லை. அதன் பெயரைக் கல்லில் எழுதித் தம் பங்கைச் செய்தனர். நாய் நம்மைக் காப்பது அதன் இயல்பு. அதை நாம் காப்பது நம் கடமை. அக்கடமை அவரவர் வாசற்படியோடு முடிவதில்லை. தெருக்கோடியில் உள்ள கிடை வரை அது நீள்கிறது. பேருந்து நிலையத்துச் சுவரில் அடுத்த முறை அத்தகைய தாளைக் கண்டால், நின்று படியுங்கள். அதிலுள்ள அடையாளத்தையும் பெயரையும் நினைவில் வையுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும் ஓர் உயிரை நீங்களே வழியில் காணவும் கூடும்.